பெரியநாயகி தின்னாத முட்டை

என் மனைவி பெரியநாயகி கறி தின்னமாட்டாள். முட்டையும் தின்னமாட்டாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன வருடம் ஆடி மாதத்தில் எங்கள் ஊரில் முக்கால்வாசிப் பேர் இதை நம்பவில்லை. மீதிக் கால்வாசிப் பேருக்கு விஷயம் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

என் பெயர் சின்னராஜ். நாமக்கல்லிலிருந்து திருச்செங்கோடு போகிற ரோட்டில் ஆட்டுக்கறிக் கடை வைத்திருக்கிறேன். இருபத்திரண்டு வருடமாகிறது. மேச்சேரி ஆடு தவிர வேறு ஆடு வெட்டமாட்டேன். கறிக்கடைக்காரன் பெண்டாட்டி கறி தின்னமாட்டாள் என்றால் கேட்கிறவன் என்ன நினைப்பான்? கடையில் ஏதோ கோளாறு என்றுதான் நினைப்பான். கடை வைத்த புதிதில் நாலைந்து பேர் கடைக்கு வந்தே கேட்டார்கள். "ஏனுங் சின்னராஜ், உங்க கடைக் கறிய உங்க ஊட்டுலயே திங்கறதில்லீங்களாமா?" நான் ஒருவன் அரைக் கிலோ தின்கிறேனே, அது யார் கண்ணிலும் படாது.

வேண்டுதல் ஒன்றும் இல்லை. சின்ன வயதில் தான் வளர்த்த ஆட்டுக்குட்டியை அறுத்ததைப் பார்த்து மனம் மாறினாள் என்று ஒரு கதை இருந்தால் எனக்கும் சொல்ல வசதியாக இருக்கும். அப்படியும் ஒன்றும் நடக்கவில்லை. ஏன் என்று கேட்டால் "புடிக்கலீங்க" என்பாள். பாகற்காய் பிடிக்காதவனிடம் யாராவது காரணம் கேட்கிறார்களா? இவளிடம் மட்டும் முப்பது வருடமாகக் கேட்கிறார்கள்.

இதில் இன்னொரு கூத்து, அவளுக்கு வேலை கோழிப்பண்ணையில். பதினெட்டு வருடமாக முட்டை பொறுக்குகிறாள். அட்டைக்கு முப்பது முட்டை. விரிசல் விட்டதைத் தனியாக வைத்துச் சாயங்காலம் வேலையாட்களுக்குப் பங்கு போட்டுக் கொடுப்பார்கள். தன் பங்கைப் பெரியநாயகி பக்கத்து வீட்டு ராமாயியிடம் கொடுத்துவிடுவாள். பதினெட்டு வருடமாக ராமாயி வீட்டில் ஆம்லெட் போட்டது என் மனைவியின் கூலியில். இதை மறக்காமல் சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன்.

வீட்டில் அவளுடைய சட்டம் ஒன்றுதான். கடையிலிருந்து வந்தால் பொடக்காலியில், அதாவது வீட்டுக்குப் பின்புறம், குளித்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். என் கறிச்சட்டியும் அடுப்பும் அங்கேயேதான். நானே ஆக்கி நானே தின்று நானே கழுவி வைப்பேன். தறிக்காரன் பெண்டாட்டிக்குச் சேலை கொண்டுவருவான், மளிகைக்காரன் முந்திரி கொண்டுவருவான். நான் என் தொழிலிலிருந்து அவளுக்கு ஒன்றும் கொண்டுவர முடியாது. இது எனக்குள் ஒரு குறையாகவே இருந்தது. வெளியில் சொன்னால் சிரிப்பார்கள் என்று சொன்னதில்லை.

எட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நாட்டுநாய்க் குட்டி வந்து எங்கள் வாசலில் படுத்தது. யார் வந்தாலும் எழுந்திருக்கவில்லை. பஞ்சாயத்துத் தலைவர் வந்தார், அதற்கும் எழுந்திருக்கவில்லை. பெரியநாயகி அதற்குக் கலெக்டர் என்று பெயர் வைத்தாள். அன்று சாயங்காலம் என்னிடம் சொன்னாள், "ஏனுங்க, இவனுக்குக் கடையிலிருந்து எதாச்சும் கொண்டாங்க." கல்யாணமாகி அத்தனை வருடத்தில் என் கடையிலிருந்து அவள் கேட்ட முதல் பொருள் அது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மறுநாளிலிருந்து ஒரு கவரில் நுரையீரலும் ஈரல் துண்டும் போட்டுக் கொண்டுவந்தேன். கறியைத் தொடாதவள், கவரின் நுனியை இரண்டு விரலால் பிடித்து நாய்த்தட்டில் கவிழ்ப்பாள்.

"நல்லதுதானுங்களே?" என்று ஒரு தடவை கேட்டாள்.

"மொதல் தரம்," என்றேன்.

நல்லதை விற்றுவிட்டு விற்காததைத்தான் கொண்டுவந்தேன் என்பது உண்மை. நாய்க்குத்தானே என்று நினைத்தேன். எல்லாக் கடைக்காரனும் அப்படித்தான் நினைப்பான்.

போன வருடம் ஆனி மாதம் அவளுக்கு வலது பக்க விலாவுக்குக் கீழே ஒரு பாரம். கேஸ் என்று இஞ்சிச் சாறு குடித்தாள். ஒரு மாதம் குடித்தும் போகவில்லை. நாமக்கல்லில் ஸ்கேன் எடுத்தோம். ஈரலில் நீர்க்கட்டி, சேலத்துக்குப் போங்கள் என்று எழுதிக் கொடுத்தார்கள். சேலத்துக்கு நான், அவள், என் அக்கா செல்லியம்மாள் மூவரும் போனோம். அக்காவை நாங்கள் கூப்பிடவில்லை. ஆஸ்பத்திரி என்றால் அக்கா தானே கிளம்பிவிடும்.

டாக்டர் நல்ல மனிதர். ஸ்கேன் படத்தைத் தூக்கிப் பிடித்து, "பதினோரு சென்டிமீட்டர் இருக்கும்மா. இது பூச்சிக் கட்டி. அந்தப் பூச்சியோட முட்டை எப்படியோ உங்க வயித்துக்குள்ள போயிருக்கு," என்றார்.

"நான் முட்டை திங்கறதில்லீங்க சாமி," என்றாள் பெரியநாயகி.

"அந்த முட்டை இல்லம்மா. ஆட்டு ஈரல், நுரையீரல்ல இந்தக் கட்டி இருக்கும். வீட்டுல நாய் இருக்கா?"

"இருக்குதுங்க."

"அதுக்குப் பூச்சி மாத்திரை குடுங்க. கால்நடை டாக்டர்கிட்டக் கேட்டா முழுசாச் சொல்லுவாங்க." அதற்குள் வெளியே நின்ற கூட்டம் கதவைத் தள்ளியது. டாக்டர் வேகமாகச் சொல்லி முடித்தார். ஐந்து வாரத்துக்கு மாத்திரை, அதற்கப்புறம் ஆபரேசன். பாரம் தூக்கக்கூடாது, வயிற்றில் அடிபடக்கூடாது, கட்டி உள்ளே உடைந்தால் உயிருக்கே ஆபத்து. நாங்கள் தலையாட்டிவிட்டு வந்தோம். என் தலைக்குள் பதினோரு சென்டிமீட்டர் மட்டும்தான் நின்றது.

அக்காவின் காதில் இரண்டு வார்த்தை நின்றது. ஒன்று முட்டை. இன்னொன்று ஆட்டு ஈரல்.

திரும்பி வருகிற பஸ்ஸில் அக்கா முன்சீட்டில் உட்கார்ந்து போன் போட்டது. பஸ் ஆண்டகளூர் கேட் தாண்டுவதற்குள் ஊருக்குச் செய்தி போய்விட்டது. பெரியநாயகி முப்பது வருடமாகத் திருட்டுத்தனமாகத் தின்றிருக்கிறாள். ஆட்டு ஈரலைத் தின்றதால் அவள் ஈரலில் பூச்சி முட்டை வைத்துவிட்டது. வீட்டுக்குத் தெரியாமல் தின்பதால் வேகவைக்காமலே தின்றிருக்கிறாள். டாக்டரே சொல்லிவிட்டார்.

நாங்கள் பஸ் இறங்கி நடக்கும்போது டீக்கடையில் பேச்சு நின்றது. அப்போது எனக்குக் காரணம் தெரியாது. நோய் என்று கேள்விப்பட்டு இரக்கப்படுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு எப்போதும் எல்லாம் கொஞ்சம் லேட்டாகத்தான் புரியும்.

ராமாயி ஒரு படி மேலே போனாள். "பண்ணைல பச்ச முட்டைய ஒடச்சு வாயில ஊத்தியிருப்பா, அதான் பூச்சி," என்றாளாம். யார் பங்கு முட்டையைத் தின்று உடம்பு தேறினாளோ அவளைப் பற்றி இப்படிச் சொல்ல ஒரு வாய் வேண்டும். அடிப்பாவி! அந்தப் பேச்சு பண்ணைக்குப் போய்விட்டது. மேனேஜர் பெரியநாயகியைக் கூப்பிட்டு, "அம்மிணி, எங்க பண்ணை முட்டைல பூச்சின்னு பேச்சுக் கெளம்புச்சுன்னா லோடு நின்னுரும். ஒடம்பு சரியாகற வரைக்கும் ஊட்டுல இரு. சரியாகியும் ஒரு மாசம் இரு," என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. நாமக்கல்லில் முட்டையைப் பற்றி ஒரு வார்த்தை தவறிச் சொன்னால் பத்து லாரி நிற்கும்.

அவள் எல்லாரிடமும் சொன்னாள். வாசலில் நின்று சொன்னாள், குழாயடியில் சொன்னாள், மாரியம்மன் கோயிலில் கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் பண்ணினாள். அதைப் பார்த்துவிட்டு, "சத்தியம் பண்ற அளவுக்குப் போறான்னா எதோ இருக்குது," என்றார்கள். பண்ணாவிட்டால் "சத்தியம் பண்ணச் சொல்லு பாக்கலாம்" என்றிருப்பார்கள்.

அதோடு நின்றதா? நான் இருக்கிறேனே. ஒரு நாள் காலையில் காபியைக் கையில் வாங்கிக்கொண்டு கேட்டேன். "நாயகி, எப்பவாச்சும், எங்கயாச்சும், கல்யாண ஊட்டுல கில்யாண ஊட்டுல, தெரியாமத் தின்னிருப்பியா?"

அவள் என்னையே பார்த்தாள். அப்புறம் உள்ளே போய்விட்டாள். இரண்டு நாள் சோறு வந்தது, பேச்சு வரவில்லை.

மூன்றாம் நாள் பேசினாள். பேசாமலே இருந்திருக்கலாம். "நான் ஆபரேசனுக்கு வரமாட்டனுங்க," என்றாள்.

"ஏன்? டாக்டர் என்ன சொன்னாரு? ஒடஞ்சுதுன்னா உசுருக்கு ஆபத்துன்னாரல்ல?"

"கத்தி வெச்சு எதாச்சும் ஆயிருச்சுன்னா ஊருல என்ன சொல்லுவாங்க? கறி தின்னு செத்துப்போனான்னுதான சொல்லுவாங்க? நான் போனப்பறம் அத யாரு போயி இல்லைங்கறது? திருடிங்கற பேரோட ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன். பேரு மொதல்ல சரியாகட்டும்."

நான் கெஞ்சினேன். கத்தினேன். "உசுரு பெருசா, பேரு பெருசா?" என்றேன். "எனக்கு இருக்கறது அது ஒண்ணுதானுங்க," என்றாள். ஆபரேசனுக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. அவள் எழுந்தாலும் எனக்குப் பயம், குனிந்தாலும் பயம். குடத்தைத் தொட்டால் ஓடிப்போய்ப் பிடுங்குவேன். இருபத்திரண்டு வருடமாக ஆட்டு வயிற்றைக் கிழிக்கிறவனுக்கு ஒரு வயிற்றைப் பற்றி இவ்வளவு பயம் வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

நாய்க்கு மாத்திரை வாங்க அப்போதுதான் ஞாபகம் வந்தது. கலெக்டரைச் சங்கிலியில் கட்டிக் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அங்கே டாக்டரம்மா அகல்யா, இளம்பிள்ளை ஊர்ப் பக்கத்துப் பெண். சின்ன வயது, ஆனால் அதட்டினால் எருமையே அடங்கும். பெரியநாயகி ஈரலில் இருக்கிற பூச்சிக் கட்டியைப் பற்றிச் சொல்லி நாய்க்கு மாத்திரை கேட்டேன்.

"பேரு?"

"கலெக்டருங்க."

அந்தம்மா நிமிர்ந்து பார்த்துவிட்டு அப்படியே எழுதியது. "என்ன தீனி போடறீங்க?"

"நம்ம கடை நுரையீரலு, ஈரலுதானுங்க."

"வேக வெச்சா?"

"நாய்க்கு ஆருங்க வேக வெப்பாங்க? பச்சையாத்தான்."

"அதுல கட்டி கிட்டி இருக்குமாண்ணா?"

எனக்குக் கொஞ்சம் ரோஷம் வந்துவிட்டது. "நம்ம கடைல அப்பிடியெல்லாம் இல்லீங்க. முட்டை இருந்தா அத விக்கவே மாட்டேன். தனியா எடுத்து நாய்க்குப் போட்டுருவேன்."

"என்ன முட்டை?"

இங்கே ஒன்று சொல்லவேண்டும். சில ஆட்டை அறுத்து நுரையீரலை எடுத்தால் அதில் வெள்ளையாக உருண்டை உருண்டையாக இருக்கும். குத்தினால் தெளிந்த தண்ணீர் பீய்ச்சும். ஒன்று எலுமிச்சை அளவு இருக்கும், ஒன்று கோழிமுட்டை அளவு இருக்கும். எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவர் அதை முட்டை என்றார், நானும் முட்டை என்றேன். அது நோயா, பூச்சியா, ஆட்டின் அழகா என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. பார்க்க நன்றாக இருக்காது, விற்காது, நாய்க்குப் போடு. இதுதான் எங்கள் படிப்பு.

இதைச் சொன்னதும் டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தது. "அண்ணா, உங்க ஊட்டுக்காரம்மா ஈரல்ல இருக்கறதும் அதேதான்."

நான் சிரித்தேன். சத்தியமாகச் சிரித்தேன். ஆட்டு நுரையீரலில் இருக்கிற முட்டை இவள் ஈரலுக்கு எப்படிப் போகும்? அவள்தான் கறியே தின்னமாட்டாளே!

"கறி தின்னு வர்றதில்லீங்கண்ணா. நீங்க சொல்ற முட்டை நாய் வயித்துக்குள்ள போனா, அங்க பொடிப் புழுவாகும். அரிசியவிடச் சின்னது. நாய்க்கு ஒண்ணுமே பண்ணாது, கொழுகொழுன்னுதான் இருக்கும். அந்தப் புழு இடற முட்டை கண்ணுக்கே தெரியாது. அது நாய் பீயில வரும். மண்ணுல, நாய் மசுருல, செடி கொடியில ஒட்டும். கை வழியா நம்ம வாய்க்குப் போச்சுன்னா, நம்ம ஈரல்ல போயி கட்டியா வளரும். அஞ்சு வருசம், பத்து வருசம் வளரும். ஊட்டுல கீரை போட்டிருக்கீங்களா?"

பொடக்காலியில் கொத்தமல்லிப் பாத்தி இருக்கிறது. கலெக்டர் அங்கேதான் புரளுவான், அங்கேதான் வெளிக்கு இருப்பான். பெரியநாயகிக்குப் பச்சைக் கொத்தமல்லித் துவையல் இல்லாமல் சோறு இறங்காது. ஐந்து நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் வருகிற ஊரில் கொத்தமல்லியை யார் மூன்று தண்ணீரில் அலசுகிறார்கள்? உதறிவிட்டு அம்மியில் வைப்பாள். கறி தின்கிற நான் அந்தத் துவையலைத் தொடமாட்டேன்.

"அப்ப அவ கறி தின்னிருந்தா வந்திருக்காதுங்களா?" என்று கேட்டேன். என் புத்தி அப்படி.

"தின்னாலும் வரும், திங்காட்டியும் வரும். நாய்க்கு என்ன போடறோம்கறதுலதான் இருக்குது."

"ஐஸ் பொட்டியில வெச்சுக் குடுத்தா?" என்றேன்.

"மைனஸ் இருவதுல ஒரு வாரம் முழுசா இருக்கணும். ஊட்டு ஃப்ரிட்ஜுல ஒரு நாள் வெச்சா ஒண்ணும் ஆகாது, நடுவுல கரண்ட் போனா அதுவும் போச்சு. உங்களுக்கு எதுக்கு அந்த வம்பு? நல்லாக் கொதிக்க வெச்சு, நடுவுல ரத்தச் செவப்பு இல்லாம வெந்தப்பறம் போடுங்க. முட்டை இருக்கற துண்டு வேண்டவே வேண்டாம். எரிங்க, இல்லீன்னா நாய் தோண்ட முடியாத ஆழத்துல பொதைங்க. கலெக்டருக்கு ஒன்றரை மாசத்துக்கு ஒரு தடவ மாத்திரை. மாத்திரை குடுத்த ரெண்டு மூணு நாள் அவன் பீயக் கையுறை போட்டு அள்ளிப் பொதைக்கணும். அவனத் தொட்டாச் சோப்புப் போட்டுக் கை கழுவணும்." சொல்லிவிட்டு மெதுவாகக் கேட்டது. "அண்ணா, வேற யாருக்காச்சும் இந்த முட்டை குடுப்பீங்களா?"

ஞாயிற்றுக்கிழமை கறி வாங்க வருகிறவர்கள், "நாய்க்கு எதாச்சும் போடுங்க சின்னராஜ்" என்பார்கள். சும்மாதான் கொடுப்பேன். நல்ல பெயர் வரும். இருபத்திரண்டு வருடமாக அந்த நல்ல பெயரைத்தான் வாங்கிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து நான் ஒன்றும் சொல்லவில்லை. நாலு நாள் சொல்லவில்லை. கலெக்டருக்கு மாத்திரையை வெல்லத்தில் வைத்துக் கொடுத்தேன். பொடக்காலியைச் சுத்தம் பண்ணினேன். மண்ணைக் கூட்டி அள்ளிப் புதைத்தேன், சிமெண்டுத் தரையில் கொதிக்கிற தண்ணீர் ஊற்றினேன். ஐந்தாம் நாள் சனிக்கிழமை கொத்தமல்லியை வேரோடு பிடுங்கினேன். பெரியநாயகி பின்னால் வந்து நின்றாள்.

"எதுக்குங்க பச்சச் செடியப் புடுங்கறீங்க?"

குனிந்தபடியே சொன்னேன். நிமிர்ந்தால் சொல்ல முடியாது. முட்டை என்றால் என்ன, கலெக்டருக்கு எட்டு வருடமாக என்ன கொண்டுவந்தேன், அது எப்படிச் சுற்றி அவள் ஈரலுக்கு வந்தது, எல்லாம் சொன்னேன். "மொதல் தரம்னு சொன்னது பொய்," என்றேன். சொல்லி முடித்து, திட்டுவாள் என்று காத்திருந்தேன். அழுவாள் என்று நினைத்தேன். கையில் இருந்த கொத்தமல்லியை என்ன செய்வது என்றும் தெரியவில்லை.

அவள் சொன்னது வேறு. "இத என்றகிட்டச் சொல்லி என்னங்க பிரயோசனம்? நான் திங்கலைங்கறது எனக்குத் தெரியாதா? தெரியாதவங்ககிட்டப் போயிச் சொல்லுங்க."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டு மணிக்குக் கடையில் முப்பது பேருக்குக் குறையாது. மூன்று ஆடு வெட்டியிருந்தேன். இரண்டாவது ஆட்டின் நுரையீரலில் முட்டை இருந்தது. நல்ல பெரிய முட்டை. அதைத் தூக்கிக் கொக்கியில் மாட்டினேன். ஏழு வருடத்துக்கு முன்னால் ரிட்டயரான பஸ் கண்டக்டர் சண்முகவேல் முன்வரிசையில் நின்றார். அவருக்கு ஊரிலேயே பெரிய குரல்.

"என்ன சின்னராஜ், அதப் போயி மாட்டறே? அசிங்கமா?"

"பாருங்கன்னுதான் மாட்டறேன். எல்லாரும் பாருங்க." கத்தி பிடித்த கையில் நடுக்கம் வந்தால் வாடிக்கைக்காரன் ஓடிவிடுவான், அதனால் கத்தியைக் கீழே வைத்தேன். "என்ற ஊட்டுக்காரி ஈரல்ல இருக்கறது இதுதானுங்க. அவ கறி தின்னு வரல. முட்டை தின்னும் வரல. இத நான் நாய்க்குப் பச்சையாப் போட்டேன். நாய்கிட்ட இருந்து அவளுக்கு வந்துச்சு. அவ ஒண்ணும் திங்கல. தப்பு என்னுதுதானுங்க."

ரோட்டில் முட்டை லாரி ஒன்று போனது. அப்புறம் சண்முகவேல் குரலைத் தாழ்த்திக் கேட்டார், அவர் குரலைத் தாழ்த்தி நான் கேட்டது அன்றைக்குத்தான். "எங்க ஜிம்மிக்கும் நீதான குடுத்தே?"

"ஜிம்மிக்கும்தானுங்க."

"இதேதானா?"

"இதேதானுங்க."

அப்புறம் பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் வாங்கின கறிக்கவரை மேடைமேல் எறிந்துவிட்டுப் போனார். ஒருத்தி, "இத்தன வருசமா ஓசின்னு வெசத்தையா குடுத்தே, நாசமாப் போறவனே!" என்றாள். இன்னொருவர் "அப்ப கறியில?" என்றார். கறியை வேகவைத்துத்தானே தின்கிறோம், கறியால் இது வராது என்றேன். யார் காதிலும் ஏறவில்லை. டாக்டரம்மா சொன்னதைச் சொன்னதுபோலவே திரும்பச் சொன்னேன். வேகவையுங்கள், மாத்திரை கொடுங்கள், கை கழுவுங்கள், கீரையை நன்றாக அலசுங்கள், வீட்டில் எல்லாரும் ஒரு ஸ்கேன் எடுங்கள். மாத்திரை பெயரை அட்டையில் எழுதி வைத்திருந்தேன். ஏழெட்டுப் பேர் போனில் படம் பிடித்துக்கொண்டார்கள். அன்றைக்கு ஒன்றரை ஆடு மிஞ்சியது. மூன்று வாரம் கடையில் ஈ ஓட்டினேன். திட்டினவர்களைக் குறை சொல்லமாட்டேன்.

ஆனால் ஒன்று நடந்தது. மத்தியானம் ஒரு மணிக்குள் ஊர்ப்பேச்சு மாறிவிட்டது. பெரியநாயகி பாவம், ஒன்றும் தின்னவில்லை, புருசன்காரன்தான் பாவி. ராமாயி ஒரு சொம்பு மோர் கொண்டுவந்தாள். பண்ணை மேனேஜர் போன் பண்ணி, "எங்க முட்டை இல்லைன்னு சின்னராஜ் தெளிவாச் சொன்னாராமா, நல்லது. ஒடம்பு தேறுனதும் வா அம்மிணி," என்றார். கால்நடை ஆஸ்பத்திரியில் மறுநாள் நாய்கள் வரிசையில் நின்றன. பெரியநாயகி பெட்டியை எடுத்து இரண்டு சேலை மடித்து வைத்தாள். "வியாழக்கெழமைக்குப் போலாமுங்க," என்றாள். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

வியாழக்கிழமை ஆபரேசன். இரண்டே முக்கால் மணி நேரம். வெளியே நான் எத்தனை தடவை எழுந்து உட்கார்ந்தேன் என்று கணக்கில்லை. உடையாமல் முழுசாக எடுத்துவிட்டோம் என்று டாக்டர் வந்து சொன்னார். அவர் காலைத் தொடப் போனேன், தள்ளி நின்றுகொண்டார். எனக்கும் ஸ்கேன் எடுத்தார்கள். ஒன்றும் இல்லை. ஊரில் சண்முகவேல் வீட்டில் அவர் மருமகளுக்கு மட்டும் சின்னதாக ஒன்று இருந்தது, அந்தப் பெண் மாத்திரை சாப்பிடுகிறது. அந்த வீட்டு வழியாகப் போகும்போது நான் இன்னும் தலையைக் குனிந்துதான் போகிறேன்.

ஆறாம் நாள் ஊரிலிருந்து பெண்கள் ஏழெட்டுப் பேர் வேன் வைத்துப் பார்க்க வந்தார்கள். சாத்துக்குடி, பிஸ்கட், ஹார்லிக்ஸ். கட்டிலைச் சுற்றி நின்றார்கள். அக்கா செல்லியம்மாள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பெரியநாயகியின் கையைப் பிடித்துக்கொண்டது.

"எனக்கு அப்பவே தெரியும் நாயகி, நீ அப்பிடித் திங்கறவ இல்லைன்னு. எந்தம்பி கடைல சொன்னானில்ல, கேட்ட ஒடனே நம்பிட்டேன்."

"நாங்களும் ஒடனே நம்பிட்டமல்ல," என்றாள் ராமாயி. எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

பெரியநாயகி கையை மெதுவாக உருவிக்கொண்டாள். தையல் வலிக்கும், அதனால் சத்தமாகப் பேசவில்லை. "ஒரு மாசமா நான் சொன்னேன். சத்தியம் பண்ணிச் சொன்னேன். உங்கள்ல ஒருத்தரும் நம்புல," என்றாள். பிறகு கால்மாட்டில் நின்ற என்னைப் பார்த்தாள். "எட்டு வருசம் என்றகிட்டப் பொய் சொன்னவரு இவரு. இவரு ஒருக்காச் சொன்னதும் மத்தியானத்துக்குள்ள ஊரே நம்பிருச்சு."

நான் காபி வாங்கிவருகிற சாக்கில் வெளியே வந்தேன். மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். ஒரு நாள் காலையில் காபியைக் கையில் வைத்துக்கொண்டு, தின்னிருப்பியா என்று அவளைக் கேட்டவன் நான்தானே.